சோழர் ஏன் முகலாயராக மாற வேண்டும்?

கணினி, கைப்பேசி, விளையாட்டு: வாசகர் கேள்விகளுக்குக் கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் நம் அக்கா பதில் சொல்கிறார்.

'சிவிலைசேஷன்' என்ற கணினி விளையாட்டின் ஏழாம் பாகத்தைப் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன்: "அவசரப்பட்டு வாங்க வேண்டாம்." அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாஸ்வேர்ட் மறந்தவர்களும் பிரின்டர் மக்கர் பண்ணுகிறவர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் ஊழியர், குன்னூர்: அக்கா, ஆறாம் பாகத்தை வருடக்கணக்கில் ஆடியவன் நான். ஏழாம் பாகத்தை முன்பதிவு செய்தே வாங்கினேன். தொடக்கம் பிரமாதம். முதல் யுகம் முடிந்ததும் என்னவோ விட்டுப்போன மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வயதாகிவிட்டதா, ஆட்டம்தான் சரியில்லையா?

வயது எல்லாம் காரணமில்லை தம்பி. 'முதல் யுகம் முடிந்ததும்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேயேதான் இருக்கிறது.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து உருவாக்கி 1991இல் வெளிவந்த ஆட்டம் இது. கி.மு. 4000இல் கையில் ஒரு குடியேறிக் கூட்டம் மட்டும் இருக்கும். ஆற்றோரமாக ஓர் ஊரை அமைத்து, உழவு, எழுத்து, இரும்பு என்று ஒவ்வொன்றாகக் கற்று, விண்கலம் விடுகிற வரைக்கும் ஒரே மக்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எகிப்தியராக ஆரம்பித்தால் எகிப்தியராகத்தான் நிலவுக்குப் போவீர்கள். ஆறு பாகங்கள் இப்படித்தான்.

2025 பிப்ரவரி 11இல் வந்த ஏழாம் பாகத்தில் சரித்திரத்தை மூன்றாக வெட்டிவிட்டார்கள்: பழங்காலம், கடலோடும் காலம், நவீன காலம். ஒரு யுகம் முடிந்தால் உங்கள் தலைவர் அப்படியே இருப்பார், நாடு மாறிவிடும். புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நடந்துகொண்டிருந்த போர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். பாடுபட்டு வளர்த்த நகரங்களில் பல மறுபடி சிற்றூராகிவிடும். தளபதிகளோடு சேர்த்து வைத்த படைதான் மிஞ்சும், மற்றது போச்சு.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தைத் தொடங்குகிறவர்களில் பலர் அதை முடிப்பதே இல்லை என்று படைப்பு இயக்குநர் எட் பீச் வெளிப்படையாகவே சொன்னார். யார் ஜெயிப்பார்கள் என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் இருபது ஊர்களும் டர்னுக்கு டர்ன், அதாவது நம் முறை வரும்போதெல்லாம், 'அடுத்து என்ன கட்டட்டும்?' என்று கேட்டுக்கொண்டிருக்கும். பதில் சொல்லிச் சலித்து, புது ஆட்டம் ஆரம்பித்துவிடுவோம். இதற்கு மருந்தாகத்தான் யுகம் முடியும்போது எல்லோரையும் கொஞ்சம் சமன்செய்து, பின்தங்கியவனுக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். நோக்கத்தில் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சமன்செய்தலில் பகையும் சேர்ந்தே போய்விட்டது. ஆறாம் பாகத்தில் ஒருமுறை என் எல்லையோரம் குதிரை மேயும் சமவெளியில் நான் கண்வைத்திருந்த இடத்தில், ஒரு டர்ன் முந்திக்கொண்டு அண்டை நாட்டுக்காரன் ஊர் அமைத்துவிட்டான். அம்பு வில் காலத்தில் அதை மீட்க வழியில்லை. பீரங்கிக் காலத்தில் மலைக்கணவாய் குறுக்கே நின்றது. கடைசியில் விமானம் வந்தபிறகுதான் அந்த ஊர் என் கைக்கு வந்தது. பொருளாதார ரீதியில் சல்லிக்காசு பிரயோஜனமில்லாத ஊர். அதைப் பிடித்த அன்று எங்கள் வீட்டில் பாயசம். ஏழாம் பாகத்தில் இது நடக்காது. விமானம் வருவதற்குள் நானும் அதே நாடு இல்லை, அவனும் அதே நாடு இல்லை.

பழைய குப்பையைச் சுமந்துகொண்டே போவதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. தப்பான இடத்தில் வைத்த ஊரோடு ஐயாயிரம் வருடம் குடித்தனம் நடத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைச் 'சலிப்பு' என்று கணக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள்.

மற்றபடி முதலில் வந்தபோது இருந்த குறைகள் எல்லாம் சில்லறைக் குறைகள். திரை அமைப்பு அரைகுறையாக இருந்தது. எந்தக் கட்டடத்தால் என்ன லாபம் என்று தேட வேண்டியிருந்தது. ஊருக்கு நம் இஷ்டப்படி பெயர் வைக்க முடியவில்லை. 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' என்ற வார்த்தையாலேயே புகழ்பெற்ற தொடரில், வெற்றிக்குப் பிறகு தொடர்ந்து ஆடும் பட்டன் இல்லாமல் வந்தது! பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். யுகம் மாறும்போது படைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் வசதியும் வந்தது. அதெல்லாம் சரிசெய்யக் கூடியவை, செய்துவிட்டார்கள்.

ஒரு விஷயம் முன்பதிவு செய்கிறவர்கள் காதில் விழட்டும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டுமானால் வாங்கிய (முன்பதிவு என்றால் ஆட்டம் வெளிவந்த) 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் 2 மணி நேரம் என்பது முதல் யுகத்தின் பாதி தாண்டாது. ஏமாற்றம் வருவதோ அந்த யுகம் முடிகிற இடத்தில். இது சதி இல்லை, விதி எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் குன்னூர்த் தம்பிக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

வரலாற்று மாணவி, ஊட்டி: சோழர்கள் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அண்ணனின் கணினியில் ஆடினேன். நவீன காலம் வந்ததும் இந்தியத் தரப்பாக முகலாயர்தான் இருந்தார்கள். சோழர் எப்படி அக்கா முகலாயர் ஆவார்கள்?

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோழர்களை உருவாக்கியவர்கள் நிஜமாகவே படித்திருக்கிறார்கள். பெருவுடையார் கோயில் அதிசயக் கட்டடமாக வருவது யாரும் எதிர்பார்ப்பது. கப்பலுக்குக் 'கலம்' என்று பெயர் வைத்தது அழகு. நான் எதிர்பார்க்காதது அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும். இந்த இரண்டு கட்டடத்தையும் வரைபடத்தின் ஒரே கட்டத்தில் சேர்த்துக் கட்டினால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு தனி வட்டாரம் உருவாகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், மூன்றும் அந்தக் காலத்து வணிகக் குழுக்கள். அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் கொல்லத்தில் கி.பி. 849இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒன்றாகச் சொல்கிறது. ஐந்நூற்றுவர் சுமத்ராவின் பாருஸ் வரைக்கும் போய் 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒரு கம்பெனி, ராஜராஜனின் வாளோடு நின்றுவிடாமல் வணிகக் குழு வரைக்கும் வந்திருக்கிறது. கடையில் இதைப் பார்த்துவிட்டு, பத்தாவது படிக்கிற ஒரு பையன் "மணிக்கிராமம்னா என்னக்கா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அவர்களை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

மீதிப் பாதி மன்னிக்க முடியாததற்குக் காரணம் நீங்கள் கேட்டதுதான். ஆட்டம் வெளிவந்தபோது இந்தியாவுக்கு என்று இருந்த வரிசை: பழங்காலத்தில் மௌரியர், கடலோடும் காலத்தில் சோழர், நவீன காலத்தில் முகலாயர். பாடலிபுத்திரம், தஞ்சாவூர், டெல்லி என்று தாவி, இதுதான் ஒரே நாட்டின் தொடர்ச்சி என்று நம்பச் சொல்கிறார்கள்.

சரித்திரத்தில் ஆட்சிகள் மாறவே இல்லையா என்று கேட்பார்கள். மாறின. சோழர் 13ஆம் நூற்றாண்டில் முடிந்தார்கள். பாண்டியர், விஜயநகரம், நாயக்கர், மராத்தியர் என்று வந்தார்கள். ஔரங்கசீப்பின் படை 1698இல் செஞ்சியைப் பிடித்தது, ஆற்காட்டு நவாபு வந்தார். ஆக, முகலாயர் காலடியே படாத மண் என்று நாமும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. யாரோ தோற்றார்கள், யாரோ படையெடுத்து வந்தார்கள், யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ஆட்டத்தில் அப்படி எதுவுமில்லை. ஒரு திரை வருகிறது, பட்டனை அழுத்துகிறோம், கோபுரம் கட்டியவர்கள் திடீரென்று வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். தோற்று மாறியிருந்தாலாவது ஒப்புக்கொள்ளலாம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஏன் மாற வேண்டும்?

தலைவர் விஷயம் இன்னும் வேடிக்கை. எந்தத் தலைவரும் எந்த நாட்டையும் ஆளலாம் என்பதால், சோழ நாட்டுக்கு பெஞ்சமின் பிராங்க்ளினை ராஜாவாக்கலாம், கன்ஃபூசியஸையும் ஆக்கலாம். சிலருக்கு இது பிடிக்கிறது. என் கொழுந்தனார் பிராங்க்ளின் சோழனாக ஆடிவிட்டுச் சாப்பாட்டு நேரமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டம் வெளிவந்தபோது அந்த நவீன காலத்தில் பிரிட்டனே கிடையாது! 2025 மார்ச் மாதம் தனிக் காசுக்குப் பிரிட்டனை விற்றார்கள். 1819இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்து இறங்கிய மலை இது. அவர் கட்டிய பங்களா இன்றும் எங்கள் கன்னேரிமுக்கில் நிற்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டிஷ்காரன் இல்லாத நவீன காலத்தை ஆடும்போது எனக்கு என்ன நினைப்பு வரும் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஒரு நல்ல செய்தி: ஒரே நாகரிகத்தோடு கடைசிவரை ஆடும் வழியை ஆட்டக்காரர்களிடம் கொடுத்துச் சோதிக்கப் போவதாக 2025 கடைசியில் அவர்களே அறிவித்தார்கள். சோழராகவே நவீன காலத்துக்குள் போக வேண்டும் என்றால் அந்த வழியில்தான் ஆட வேண்டும். வாங்குவதற்கு முன் அந்த வசதி ஆட்டத்துக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோத்தகிரி: அம்மா, பேரன் பிறந்தநாளுக்கு இந்த ஏழாம் பாகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

வேண்டாம் ஐயா. அமெரிக்காவில் 70 டாலருக்கு அறிமுகமான ஆட்டம், கூடுதல் நாடுகளுக்கு மேலும் காசு. ஆறாம் பாகம் தள்ளுபடி நாட்களில் மிகக் குறைந்த விலைக்கு வரும். அதை வாங்கிக் கொடுங்கள். அதை முடிப்பதற்குள் அவன் பிளஸ் டூ முடித்துவிடுவான்.

தங்கும் விடுதி வரவேற்பாளர், கொடைக்கானல்: ஒவ்வொரு பாகம் வரும்போதும் இதே புலம்பல்தானே மேடம்? ஐந்தாம் பாகத்தையும் திட்டினீர்கள், இப்போது அதையே தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். பழகினால் ஏழாவதும் பிடித்துவிடும்.

பாதி சரி. 2010இல் ஐந்தாம் பாகம் வந்தபோது நடந்த ரகளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரைக்கும் ஒரே கட்டத்தில் எத்தனை படையை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஐந்தாம் பாகத்தில் கட்டத்துக்கு ஒரு படைதான். சதுரக் கட்டம் போய் அறுகோணம் வந்தது. நான்காம் பாகத்தில் இருந்த மதமும் ஒற்றர்களும் காணோம். கடுப்பாகாமல் என்ன செய்வார்கள்? 2012 விரிவாக்கத்தில் மதத்தையும் ஒற்றரையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள், 2013இல் வணிகப் பாதைகள் வந்தன. அதன் பிறகுதான் இன்று எல்லோரும் கொண்டாடும் ஐந்தாம் பாகம் உருவானது. 2016இல் ஆறாம் பாகம் வந்தபோது 'பொம்மைப் படம் மாதிரி இருக்கிறது' என்றார்கள். அந்தப் பேச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது.

ஆனால் அந்த இரண்டு பாகத்திலும் மாறியது ஆடும் முறை. படையை எப்படி நகர்த்துவது, நகரத்தை எப்படிப் பரப்புவது என்பதை நாம் புதிதாகக் கற்றோம். யாராக ஆடுகிறோம் என்பது மாறவில்லை. இப்போது கைவைத்திருப்பது அதில். பழகினால் பிடிக்கும் என்பது கைகளுக்குச் சரி, அஞ்சுவண்ணத்தைக் கட்டி முடித்த கையோடு அதை இன்னொருவர் பெயரில் எழுதிவைக்கச் சொன்னால் மனம் பழகுமா என்று தெரியவில்லை.

அடுத்த பாகம் என்றால் மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு புத்தம் புதியது என்பது சிட் மையரின் பிரபலமான கணக்கு. நல்ல கணக்குதான். பழையதைக் கலந்து புதியதைச் செய்வதற்கு எங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி, பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் இல்லை, இவர் வேறு. 1875இல் ஜபல்பூரில் பில்லியர்ட்ஸ் மேசையில் பழக்கத்தில் இருந்த இரண்டு மூன்று ஆட்டங்களைக் கலந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் விதிகள் பிறகு ஊட்டி கிளப் சுவரில் எழுதி மாட்டப்பட்டன. அதுதான் ஸ்னூக்கர். அதே மேசை, அதே கோல், அதே பைகள். பந்துகளும் கணக்கும் மாறின. பில்லியர்ட்ஸ்காரர் ஒருவர் அந்த மேசைக்கு வந்தால் தடுமாறுவாரே தவிர அந்நியமாக உணர மாட்டார்.

ஏழாம் பாகத்தில் இந்தப் பங்குக் கணக்கு எண்ணிக்கையில் சரியாகக்கூட இருக்கலாம். புதிதாக மாற்றிய பங்கு எது என்பதில்தான் சறுக்கல். மாற்றியதில் நல்லதும் உண்டு: கப்பல் போகிற ஆறுகள் அருமை, ஒரு தளபதியின் கீழ் படைகளைச் சேர்த்து நகர்த்துவது ஐந்தாம் பாகத்திலிருந்து நாம் பட்ட நெரிசலுக்கு நல்ல விடை.

அப்புறம், நாடு மாறும் இந்த யோசனை அவர்களுடையதும் இல்லை. 2021இல் 'ஹியூமன்கைண்ட்' என்ற போட்டி ஆட்டம் இதையே செய்தது. அங்கேயும் மக்கள் சொன்ன முக்கியக் குறை, 'எதிரில் யார் இருக்கிறார்கள் என்றே மனதில் நிற்கவில்லை' என்பது. ஒருவர் விழுந்த குழி கண்ணெதிரே இருக்கும்போது அதே வழியாக ஏன் போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2025இல் பல மாதங்கள் ஸ்டீமில் ஏழாம் பாகத்தை விட ஆறாம் பாகத்தை ஆடியவர்களே அதிகம். பழக்கதோஷம் என்று மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது.

அண்ணன் தங்கை, அருவங்காடு: நாங்கள் இருவரும் ஒரே கணினியில் மாறி மாறி உட்கார்ந்து ஆறாம் பாகம் ஆடுவோம். ஏழில் அந்த வசதியைக் காணோமே?

வெளிவந்தபோது அந்த 'ஹாட்சீட்' முறை அதில் இல்லை. ஆறிலேயே இருங்கள். தங்கை ஆடும்போது அண்ணன் எட்டிப் பார்க்கக் கூடாது.

கல்லூரி மாணவர், பந்தலூர்: முதல் பாகத்தில் ஒரு புரோகிராம் பிழையால் காந்தி அணுகுண்டு போடுகிறவராக மாறினார் என்கிறார்களே, உண்மையா? ஏழாம் பாகத்தில் காந்தி எங்கே?

கேட்க நன்றாக இருக்கும் கதை. காந்தியின் ஆக்ரோஷ அளவு 1, மக்களாட்சிக்கு மாறினால் அதில் 2 குறையும், மைனஸுக்குப் போக முடியாமல் எண் சுற்றிக்கொண்டு உச்ச அளவான 255 ஆகிவிடும், உடனே அணுகுண்டு. இப்படித்தான் ஊரெல்லாம் சொன்னார்கள். அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சிட் மையர் 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். ஐந்தாம் பாகத்தில் காந்திக்கு அணுகுண்டு ஆசையை அதிகமாக வைத்தது, வேண்டுமென்றே செய்த குறும்பு.

ஏழாம் பாகத்தின் அறிமுக வரிசையில் அவர் இல்லை. முதல் ஆறு பாகத்திலும் இருந்தவர். அவருக்குப் பதிலாக அசோகர், அதுவும் போர் துறந்த அசோகர், போர் தொடுக்கும் அசோகர் என்று இரண்டு வடிவத்தில். அசோகர் நல்ல தேர்வு. ஆனால் காந்தி சிரித்த முகத்தோடு கும்பிட்டு வந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்குமே, அந்த வேடிக்கை போனது போனதுதான்.

தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், கூடலூர்: மழைக்காலத்தில் நினைத்த நேரத்தில் கரண்ட் போகிறது. இன்டர்நெட்டும் அப்படியே. பழைய டெஸ்க்டாப். சிவ் ஆட ஆசை. வழி உண்டா?

உண்டு. உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் என்றால் எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். கம்பி மேல் மரம் விழுந்தால் அன்றைக்கு முழுக்க இருட்டுதான்.

ஐந்தாம் பாகம் பழைய கணினியிலும் ஓடும், தள்ளுபடியில் விலையும் குறைவு. இறக்கும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். ஒருமுறை உள்ளே போனபிறகு ஸ்டீமை 'ஆஃப்லைன்' முறையில் வைத்துக்கொண்டால் அப்புறம் இணையம் இல்லாமலே ஆடலாம். ஆட்டத்தின் ஆப்ஷன்ஸ் பகுதியில் எத்தனை டர்னுக்கு ஒருமுறை தானாகச் சேமிக்க வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கும். அங்கே 1 என்று போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் ஒரு டர்ன்தான் நஷ்டம். முறைவைத்து ஆடும் ஆட்டம் என்பதால் இந்த நிம்மதி. சின்னதாக ஒரு யூபிஎஸ் இருந்தால் கணினிக்கும் நல்லது. ஏற்கெனவே இருந்தால் அதன் பேட்டரியை மழைக்கு முன் சோதித்துவிடுங்கள். என் கடைக்கு ஜூலையில் வருகிற யூபிஎஸ் பெரும்பாலும் செத்த பேட்டரியோடுதான் வருகிறது.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் 'அன்சிவ்'. ஐந்தாம் பாகத்தின் விதிகளை வைத்து ஆர்வலர்கள் எழுதிய இலவச ஆட்டம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும், கணினியிலும் ஓடும். படங்கள் சாதாரணமாக இருக்கும், கோப்பு சிறியது, விளம்பரம் கிடையாது. இணையமில்லாமலே ஆடலாம். இந்தியாவை எடுத்தால் இந்தியாவாகவே கடைசிவரை போகலாம். ஷிப்டில் ஆடி மாட்டிக்கொண்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.